பழியைக் கீழே தள்ளாத பணியாளர்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் பலருக்கு வாழ்க்கை ஏதேனும் ஓர் அலுவலகத்தின் கடைசி மேசையில்தான் தொடங்குகிறது. நம் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டின் மண்டிகளில் கணக்கு எழுதுவோர் படும் பாட்டை நாம் அறிவோம். ஊதியமோ குறைவு; பொறுப்போ மிகுதி. மூட்டை ஒன்று குறைந்தாலும் சிட்டை ஒன்று தொலைந்தாலும் பழி வந்து விழுவது கணக்குப்பிள்ளையின் தலையில்தான். இத்துன்பம் நேற்றுப் பிறந்ததன்று. அம்மார்க்கெட்டுக்குக் காந்தியடிகளின் பெயர் வாய்ப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, இதே நகரில் அலுவலகக் கொடுமைக்கு ஆளாகியும் நிமிர்ந்து நின்ற பெருமகன் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தார். 1848ஆம் ஆண்டளவில் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

அந்நாளைய அலுவலகங்களின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயர்பதவிகள் ஐரோப்பியருக்கு உரியவை. எழுத்து வேலையும் ஏவல் வேலையுமே நம்மவருக்கு. மேலதிகாரியின் சினம் எழுத்தர்மீது பாயும்; எழுத்தரின் சினம் சேவகர்மீது பாயும்; சேவகரின் சினமோ படியேறி வந்த ஏழைக் குடியானவர்மீது பாயும். வரி வசூலின்போது கீழ்நிலை ஊழியர்கள் குடிமக்களை வதைத்த கொடுமைகளை, 1854இல் சென்னை மாகாணத்தில் அமைந்த விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. மேலிருந்து வந்த நெருக்குதல் கீழே கொடுமையாக முடிந்தது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய சூழலில் வேதநாயகருக்கும் ஒரு சோதனை நேர்ந்ததாக அவர்தம் வரலாறு கூறும். அவர் மொழிபெயர்த்து மேலதிகாரியிடம் ஒப்படைத்த வழக்குத்தாள்கள் காணாமற் போயின. ஒப்படைத்ததற்குச் சான்று கூறவல்ல அவ்வதிகாரியோ அப்போது உயிருடன் இல்லை. பழி மொழிபெயர்ப்பாளர்மீது விழுந்தது, வேலையும் பறிபோயிற்று. பின்னர்த் தாள்கள் கிடைத்து உண்மை வெளியான பின்னரே அவர் மீண்டும் பணிபெற்றார். குற்றமற்றவன் குற்றவாளியாக நிற்கும் வேதனையை அவர் நூலிற் படித்து அறிந்தாரல்லர்; தாமே பட்டு அறிந்தார்.

1857இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். இப்பொழுது ஆணையிடும் இருக்கை அவருடையது. தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு அளிக்கும் வாய்ப்பும் அவர் கையில் இருந்தது. அவர் அதனைச் செய்தாரில்லை. 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவாரைக் கடுமையாகச் சாடினார். நீதிமன்ற மொழி விளங்காமல் இடைத்தரகரிடம் மக்கள் ஏமாறுவதைக் கண்டு, 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். தமிழில் எழுந்த முதற் சட்ட நூல்களுள் அது வைத்து எண்ணப்பெறும். அலுவலகம் மறைத்து வைத்த அறிவைப் படியேறி வந்தவனின் கையில் கொடுத்ததே அவர் காட்டிய எதிர்ப்பு எனலாம்.

சீர்காழியிலும் பின்னர் மாயூரத்திலும் முன்சீப்பாக விளங்கினார். மாயூரத்தில் மட்டும் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றி, ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆயினும் நேர்மைக்குப் பரிசாக நிம்மதி கிடைத்ததா? இல்லை. உடல்நலம் குன்றிய வேளையில் மேலதிகாரியின் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, 1872இல் பணியை விட்டு விலகினார்.

பதவி போனபின் அவர் முடங்கிவிடவில்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். 1878இல் சமய வேற்றுமை பாராது பாடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனையும், 1879இல் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரமும் வெளிவந்தன. தமிழர் வழக்கைத் தமிழர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞரை அந்நாவலில் எள்ளி நகையாடினார். 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கொடுமையைப் பொறுத்துக் கிட என்பதன்று. 1948இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் போன்ற காப்பு எதுவும் அவர் காலத்துப் பணியாளர்க்கு இருந்ததில்லை. பின்வந்தோர் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். நாமும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆனால் மேலிருப்பவர் நம்மீது வீசிய கடுஞ்சொல்லை நமக்குக் கீழிருப்பவர்மீது வீசுவதா, நம்மோடு நிறுத்துவதா என்பது நம் கையில் உள்ளது. மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் ஓர் அலுவலகத்தின் மேல் இருக்கையில் அமர்வீர்கள். கடைசி மேசையில் இருப்பவர் தலைநிமிர்ந்து பணிசெய்ய முடிகிறதா என்பதே அன்று உங்கள் கல்விக்கு உரைகல்லாகும்.