கட்சியை எதிர்த்துக் கட்சியைக் காத்தவர்: ஹியூ கெயிற்ஸ்கெல்

அரசியற் கட்சியொன்று தேர்தலிலே தோல்வியுறும்போது அதன் முன்னே இரண்டு வழிகள் தோன்றுகின்றன. மக்கள் நம்மை ஏன் ஏற்கவில்லை என்று தன்னையே வினவிக்கொள்வது ஒரு வழி. நாம் போதிய தீவிரம் காட்டாமையாலேயே தோற்றோம் எனக் கூறி, கொள்கையின் எல்லைக்கோட்டை நோக்கி மேலும் விரைந்து செல்வது மற்றொரு வழி. முன்னையது கசப்பானது, பின்னையது தொண்டர்களின் செவிக்கு இனிமையானது. இனிய வழியைத் தன் கட்சி தெரிந்தெடுத்தபோது அதனைத் தடுத்து நின்று, அதன்பொருட்டுத் தன் பதவியையே பணயமாக வைத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவரே பிரித்தானியத் தொழிற் கட்சியின் தலைவராக விளங்கிய ஹியூ கெயிற்ஸ்கெல்.

அவர் 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் இந்திய சிவில் சேவையைச் சேர்ந்தவராய்ப் பர்மாவிலே பணிபுரிந்தவர். ஹியூ சிறுவனாயிருக்கும்போதே, 1915இல், அவர் காலமானார். வின்செஸ்ரர் கல்லூரியிலும் பின்னர் ஒக்ஸ்போட் நியூ கல்லூரியிலும் கற்ற ஹியூ 1927இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகி வளர்ந்த அவருடைய உள்ளத்தைத் திருப்பியது 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தமாகும். சக மாணவர் பலர் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்து தொண்டாற்ற, அவரோ வேலைநிறுத்தக்காரருக்கு வண்டியோட்டி உதவினார். பட்டம் பெற்றபின் நொற்றிங்காம் சென்று சுரங்கத் தொழிலாளருக்குப் பொருளியல் போதித்தார். 1928இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளரானார்.

1933இல் ஆராய்ச்சிக்காக வியன்னா சென்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அந்நகரிலே அரசாங்கப் படைகள் சமூக ஜனநாயகக் கட்சியினரைத் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் அடக்கியதை அவர் அருகிருந்து கண்டார். துன்புற்றோர் தப்பிச் செல்ல உதவியும் செய்தார். அக்கட்சியினரின் நற்பண்புகளில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் ஆட்சிப் பலமின்றி நல்லெண்ணம் மாத்திரம் கொண்டு எதனையும் காத்தல் இயலாது என்பதை அந்நாட்கள் அவருக்கு உணர்த்தின. அவருடைய பிற்கால உறுதிக்கு வித்து அங்கேதான் இடப்பட்டது எனலாம்.

1935இற் சதாம் தொகுதியிலே போட்டியிட்டுத் தோற்ற அவர், போர்க்காலத்தில் அரசாங்க அலுவலராய்ப் பணியாற்றிய பின் 1945இலே தென் லீட்ஸ் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். அத்தேர்தலில் அற்லியின் தலைமையிலே தொழிற் கட்சி 393 ஆசனங்களை வென்றது. நிலக்கரிச் சுரங்கங்களையும் புகைவண்டிப் பாதைகளையும் நாட்டுடைமையாக்குவோம் என்று வெளிப்படையாகக் கூறியே அக்கட்சி அவ்வெற்றியைப் பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது. பெரிய மாற்றங்களை மக்கள் எப்போதும் வெறுப்பதில்லை. தம் அனுபவத்தோடு ஒட்டிய மாற்றமாயின் அதனை விரும்பியே ஏற்பர். ஆகவே துணிவு வேறு, தீவிரப் போக்கு வேறு.

கெயிற்ஸ்கெல் விரைவாக உயர்ந்தார். 1947இல் எரிபொருள் அமைச்சரானார். 1950 ஒக்ரோபரில் நிதி அமைச்சரானார். கொரியப் போரின் செலவை ஈடுசெய்ய 1951இல் அவர் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம், அதுவரை இலவசமாக வழங்கப்பட்ட செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் ஒரு பகுதிக் கட்டணத்தை விதித்தது. இலவச மருத்துவ சேவையை நிறுவிய பெருமைக்குரிய அனைறின் பெவன் அதனைப் பொறாது பதவி துறந்தார். ஹரல்ட் வில்சனும் அவருடன் வெளியேறினார். அந்தப் பிளவு பத்தாண்டுகள் கட்சியை வாட்டியது. 1951இலும் 1955இலும் தேர்தல்களில் தோல்வியே கிடைத்தது. 1955 திசெம்பரில் அற்லி விலக, கெயிற்ஸ்கெல் 157 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். பெவனுக்கு 70 வாக்குகளும் முதியவரான மொறிசனுக்கு 40 வாக்குகளுமே கிடைத்தன.

1959 ஒக்ரோபர்த் தேர்தலில் வெற்றி கிட்டுமெனப் பலர் நம்பினர். ஆயின் பழமைபேண் கட்சி 365 ஆசனங்களைப் பெற, தொழிற் கட்சி 258 ஆசனங்களோடு நின்றது. தொடர்ச்சியான மூன்றாவது தோல்வி அது. தொழிலாளரின் வாழ்க்கை மாறிவிட்டது, அவர்கள் வீட்டிலே தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் வந்துவிட்டன, கட்சியோ பழைய மொழியையே பேசுகின்றது என்று தலைவர் கருதினார். எல்லா உற்பத்திச் சாதனங்களையும் பொதுவுடைமையாக்குவதைக் குறிக்கோளாகக் கூறும், 1918ஆம் ஆண்டின் யாப்பிலுள்ள நான்காம் பிரிவைத் திருத்துதல் வேண்டுமென முன்மொழிந்தார். அது அவர் செய்த தவறு என்றே கூறவேண்டும். எவரும் நடைமுறைப்படுத்த எண்ணாத அவ்வாசகம், பல தொழிற்சங்கத்தாருக்குக் கோயிற் சின்னம் போன்று புனிதமாயிருந்தது. அதிலே கைவைத்தமையால் நண்பர்களும் பகைவராயினர். 1960இல் அம்முயற்சியை அவர் கைவிட நேர்ந்தது. அவருடைய பலவீனத்தைக் கண்ட எதிரணியினர் ஊக்கங்கொண்டனர்.

இக்காலத்திலேயே அணுவாயுத ஒழிப்பு இயக்கம் வளர்ந்தது. 1958இல் தோன்றிய அவ்வியக்கத்திலே பேட்றன்ட் றசல் போன்ற பேரறிஞரும் குருமாரும் இளைஞரும் சேர்ந்திருந்தனர். பிறநாடுகள் செய்யினும் செய்யாவிடினும் பிரித்தானியா தன் அணுவாயுதங்களைத் தானாகவே துறத்தல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்களுடைய அச்சம் நேர்மையானது; மனிதகுலத்தின் அழிவை எண்ணி நடுங்கியோரை இழிவாகப் பேசுதல் தகாது. ஆயின் பொதுமக்களிற் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை என்பதும், நாட்டின் பாதுகாப்பை நம்பி ஒப்படைக்க முடியாத கட்சியிடம் அவர்கள் ஆட்சியை ஒப்படையார் என்பதும் கெயிற்ஸ்கெல் அறிந்த உண்மைகள். அதற்கும் மேலாக, அக்கொள்கை நாட்டுக்கே கேடானது என்று அவர் மெய்யாக நம்பினார்.

1960 ஒக்ரோபரிலே ஸ்காபரோ நகரிற் கட்சி மாநாடு கூடியது. அங்கு தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தத்தம் சங்கத்து அங்கத்தவர் அனைவரின் பெயராலும் இலட்சக்கணக்கான வாக்குகளை ஒருமிக்க அளிப்பது வழக்கம். பெருஞ் சங்கங்கள் பல முன்னரே முடிவு செய்துவிட்டமையால் தோல்வி நிச்சயம் என்பதைத் தலைவர் அறிவார். அறிந்தும் மேடையேறினார். கூச்சலுக்கும் ஏளனத்துக்கும் இடையே நின்று, இம்முடிவைத் தாம் ஏற்கப்போவதில்லை என்றும், தாம் நேசிக்கும் கட்சியை மீட்பதற்குத் தொடர்ந்து போராடுவதாகவும் அறிவித்தார். வாக்கெடுப்பிலே அவர் தோற்றார். ஆயின் வேறுபாடு பலர் எதிர்பார்த்ததிலும் மிகக் குறைவாயிருந்தது. மறுமாதம் தலைமைக்கு எதிராக வில்சன் போட்டியிட்டபோது, பாராளுமன்ற உறுப்பினர் 166 பேர் கெயிற்ஸ்கெல்லை ஆதரித்தனர். 81 பேரே மறுபக்கம் நின்றனர். அடுத்த ஓராண்டில் அவருடைய ஆதரவாளர் கிளை கிளையாகவும் சங்கம் சங்கமாகவும் சென்று வாதாடினர். 1961இற் பிளக்பூல் மாநாடு முந்திய முடிவைப் பெரும்பான்மையோடு மாற்றியது.

ஆட்சி கைக்கெட்டும் தூரத்தில் வந்தவேளை, 1963 சனவரி 18ஆம் நாள், தமது 56ஆம் வயதில் அவர் நோயினாற் காலமானார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட வில்சனே தலைவராகி, 1964 ஒக்ரோபர்த் தேர்தலிலே 317 ஆசனங்களோடு, நான்கே ஆசனப் பெரும்பான்மையில், பிரதமரானார்.

அத்தேர்தலின் கணக்கு மாணவர் ஆராயத்தக்கது. தொழிற் கட்சியின் வாக்குகள் கூடவில்லை. 1959இலும் 1964இலும் அவை ஏறக்குறைய ஒரு கோடியே 22 இலட்சமே. பழமைபேண் கட்சியின் வாக்குகளோ ஒரு கோடியே 37 இலட்சத்துக்கு மேலிருந்து ஏறத்தாழ ஒரு கோடியே 20 இலட்சமாகக் குறைந்தன; லிபரல் கட்சியின் வாக்குகள் ஏறக்குறைய இரு மடங்காயின. பதின்மூன்று ஆண்டு ஆட்சியிற் சலிப்புற்றோர் பலர் தொழிற் கட்சிக்கு வாக்களிக்காவிடினும், அது ஆட்சிக்கு வரும் என்ற அச்சத்தாற் பழைய ஆட்சியைப் பற்றிக்கொண்டு நிற்கவுமில்லை. தீவிரப் போக்கின் நட்டம் இங்கேதான் விளங்குகிறது. அது தன் பக்கத்து வாக்கைக் குறைப்பதோடு அமையாது. எதிர்க்கட்சியை விட்டு விலக எண்ணுவோரையும் அஞ்சி நிற்கச் செய்துவிடும்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1979இன் தோல்விக்குப் பின் அக்கட்சி இடதுபுறம் விரைந்தது. 1981இல் முன்னாள் அமைச்சர் சிலர் பிரிந்து புதுக்கட்சி அமைத்தனர். அணுவாயுதத் துறவை மீண்டும் தன் தேர்தல் அறிக்கையிற் சேர்த்துக்கொண்ட தொழிற் கட்சி, 1983இல் 27.6 வீத வாக்குகளையும் 209 ஆசனங்களையுமே பெற்றது. பிரிவினையும் அவ்வாண்டுகளின் போர்வெற்றியும் இத்தோல்விக்குக் காரணங்களே எனினும், கொள்கையின் பங்கை எவரும் மறுப்பதற்கில்லை. 1989இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. நான்காம் பிரிவு 1995இலே திருத்தப்பட்டது. கெயிற்ஸ்கெல் விரும்பிய மாற்றம் அவர் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே நிறைவேறிற்று. 1997இல் 418 ஆசனங்களோடு கட்சி ஆட்சியேறியது.

கெயிற்ஸ்கெல் குறையற்ற தலைவர் அல்லர். வளைந்துகொடுக்கும் தன்மை அவரிடம் குறைவு. நான்காம் பிரிவு பற்றிய அவசரம் அவருடைய சொந்தப் பிழை. ஆயினும் கூட்டத்திற் கைதட்டுவோரும் வீட்டிலிருந்து வாக்களிப்போரும் ஒருவரல்லர் என்னும் உண்மையை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. அரசனின் பிழையை அஞ்சாது எடுத்துரைக்கும் அமைச்சனை நம் முன்னோர் நாட்டுக்கு அரண் என்று போற்றினர். கட்சியின் பிழையைக் கட்சிக்கே எடுத்துரைக்கும் தலைவனும் அத்தகையவனே. நாளை சங்கங்களையும் சபைகளையும் நடத்தவிருக்கும் நம் மாணவர், தம்மைச் சூழ்ந்து எழும் கரகோஷத்தையே நாட்டின் குரலென மயங்காதிருப்பார்களாக.