கைக்குட்டையில் ஒரு கண்டுபிடிப்பு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் நிறுவனம் ஒன்றின் விருந்தினர் விடுதியில் என் தாயார் துப்புரவுப் பணி செய்கிறார். கல் பார்க்க வருவோரின் காலணி வழியே மாவு போன்ற கல்தூள் அங்குள்ள கம்பளத்தில் இறங்கிவிடும். துடைப்பம் பட்டால் எழும்பும். சற்று நேரத்தில் அதே இடத்தில் வந்து அமரும். நடுவில் அம்மா இருமுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். அழுத்த வேறுபாடு பற்றிய பாடத்தைப் படித்தபோது அந்த இருமல்தான் நினைவுக்கு வந்தது. இந்தப் பொறியாளரைத் தேடிப் படித்ததும் அதனால்தான்.

ஹியூபர்ட் செசில் பூத் 1871-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பிறந்தார். இலண்டனில் பொறியியல் பயின்று, பாலங்களையும் வியன்னா முதலிய நகரங்களின் இராட்சத இராட்டினங்களையும் வடிவமைத்தார். தூசிக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

1901-இல் இலண்டன் அரங்கு ஒன்றில், காற்றை ஊதித் தூசி அகற்றும் அமெரிக்கக் கருவியைக் கண்டார். தூசி பறந்தது, பெரும்பகுதி திரும்பப் படிந்தது. ஊதுவதை விட்டு உறிஞ்சினால் என்ன என்று வினவினார். அது நடவாத செயல் என்று சினந்துகொண்டாராம் கருவியின் சொந்தக்காரர். பூத் விடவில்லை. உணவகம் ஒன்றின் மெத்தை நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து ஆன மட்டும் உறிஞ்சினார். மூச்சுத் திணறியது. துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் கறுத்திருந்தது! உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தூசியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. துணி தூசியை நிறுத்திக் காற்றை விடுகிறது. இவ்வளவுதான் தத்துவம்.

அவ்வாண்டே காப்புரிமை பெற்றார். இயந்திரமோ குதிரை வண்டியில் ஏற்றுமளவு பெரிது. தெருவில் நின்று இரைய, நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். 1902-இல் ஏழாம் எட்வர்டு முடிசூடிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை அதுவே சுத்தம் செய்தது. பெருமாட்டிகள் விருந்தினரை அழைத்துத் தேநீர் கொடுத்துத் தூசி போவதை வேடிக்கை காட்டினார்களாம்!

கையால் தள்ளும் சிறு கருவியைச் செய்தவர் வேறொருவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் காம்பு, தலையணை உறை இவற்றைக் கொண்டு செய்து, 1908-இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய ஹூவரின் பெயரே உலகெங்கும் பரவியது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பூத் 1955-இல் மறைந்தார்.

சென்ற ஆண்டு அம்மாவின் விடுதிக்கும் கருவி வந்தது. உள்ளே வெறும் துணிப்பை. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் உண்டு. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் மிக நுண்ணிய துகள் துணியில் நிற்காது. 0.3 மைக்ரான் துகளையும் நூற்றுக்கு 99.97 பங்கு பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வேண்டும். அம்மாவோ பை நிறைந்ததும் கொல்லையில் கொண்டுபோய் உதறிக்கொண்டிருந்தார். இப்போது மூக்கில் துணி கட்டி, ஈரச் சாக்கின் மேல் பையை மெதுவாகக் கவிழ்க்கிறார். வடிகட்டி கேட்டு மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.