பிள்ளை உறங்காவில்லிதாசரும் பொன்னாச்சியாரும்



மாசி ஆயில்யத்தில் உறையூரில் அவதரித்த பிள்ளை உறங்காவில்லிதாசர், முதலில் வில்லி என்ற பெயரோடு சோழ அரசனிடம் ஊழியம் செய்த மல்லர். உடல்வலிமைக்குப் பேர்போனவர். ஆயினும் ஊரார் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் தம் தேவியான பொன்னாச்சியிடம், அதிலும் அவளுடைய கண்களிடம், அவர் கொண்டிருந்த மையலைத்தான்.

திருவரங்கத்தில் ஒரு திருவிழா நாள். கடும் வெயிலில் அவள் நடக்க, வில்லி ஒரு கையில் குடை பிடித்து, மறு கையால் சுடுமணலில் துணி விரித்துக்கொண்டே சென்றார். கண்டவர்கள் நகைத்தனர். சீடர்களோடு எழுந்தருளிய எம்பெருமானார் நகைக்கவில்லை. பலர் பார்க்கிறார்களே என்ற நாணமும் அற்று ஒருவரிடம் இப்படி ஈடுபட வல்ல நெஞ்சு அரிது என்று அவர் திருவுள்ளம் பற்றினார் போலும். வில்லியை அழைத்துக் காரணம் வினவினார். கண்ணழகே காரணம் என்றார் வில்லி. அதினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவாரா என்று ஸ்வாமி கேட்க, வில்லி இசைந்தார்.

பெண்ணாசை தீது என்று ஒரு வார்த்தைகூட அங்கே சொல்லப்படவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். ஸ்வாமி அவரைப் பெரியபெருமாள் திருமுன்பே கொண்டு நிறுத்தி, திருப்பாணாழ்வாருக்குக் காட்டிய திருக்கண்களை இவருக்கும் காட்டியருளவேண்டும் என்று பிரார்த்தித்தார். ஆழ்வார் திருவடியிலே தொடங்கி மேலே ஏறி, எட்டாம் பாசுரத்திலேதான் அத்திருக்கண்களை அனுபவிக்கிறார். வில்லிக்கு அந்த அடைவு வேண்டியிருக்கவில்லை. கண்ணழகுக்குத் தோற்றே பழகியவராதலால் நேரே அங்கேயே அகப்பட்டார்.

அகப்பட்டவர் பொன்னாச்சியைத் துறந்துவிட்டாரா? இல்லை. இருவருமே எம்பெருமானார் திருவடிகளில் ஆச்ரயித்து, உறையூரை விட்டுத் திருவரங்கத்தில் குடியேறினர். வனவாசத்தில் உறங்காமல் காத்த இளையபெருமாளைப் போன்றவர் என்பதால் உறங்காவில்லி என்று திருநாமம் உண்டாயிற்று. நம்பெருமாள் புறப்பாட்டில் உருவிய வாளோடு உடன் செல்வாராம்.

அவர் கல்வி எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. எம்பெருமானார் விபீஷண சரணாகதியை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். தாசர் கோஷ்டியிலிருந்து எழுந்து நின்றார். அனைத்தையும் விட்டு வந்த விபீஷணனைக் கைக்கொள்வதற்கே பெருமாள் சுக்ரீவன் முதலானோரோடு ஆராய்ந்தாராகில், மனைவி மக்கள் பற்று விடாத அடியேனுக்குப் பேறு எங்ஙனே கிட்டும் என்று கேட்டார். இது நூல் கற்றதால் எழுந்த ஐயமன்று. தம் வீட்டையும் பொன்னாச்சியையும் நினைத்து நடுங்கிய நெஞ்சின் கேள்வி. ஸ்வாமியும் சாஸ்திரத்தை எடுத்து விரிக்காமல் உறவைக் கொண்டே விடையிறுத்தார். தமக்குப் பேறு உண்டாகில் தாசருக்கும் உண்டு. பெரியநம்பிக்கு உண்டாகில் தமக்கு உண்டு. ஆளவந்தாருக்கு உண்டாகில் பெரியநம்பிக்கு உண்டு. இப்படியே மேலே மேலே சென்று, தாம் பெற்றதாக அறுதியிட்ட நம்மாழ்வாரளவும் சேர்த்தார். விபீஷணனோடு வந்த நான்கு ராக்ஷசர்களுக்குத் தனியே ஆராய்ச்சி நடந்ததோ? அவனைப் பற்றி நின்றதாலேயே அவர்களும் உட்கொள்ளப்பட்டார்கள் என்றும் காட்டினார். ஆசார்யன் தம் பேற்றையும் சீடன் பேற்றையும் ஒன்றாக முடிந்துவிட்ட இடம் இது.

அந்த முடிச்சு காவேரிக் கரையிலும் தெரிந்தது. எம்பெருமானார் நீராடச் செல்லும்போது முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார். நீராடி மீளும்போது தாசர் கையைப் பற்றி வருவார். குலத்தை எண்ணிச் சிலர் மனம் புழுங்கினர். ஸ்வாமி ஓர் இரவு, உலர்த்தியிருந்த அவர்களுடைய வஸ்திரங்களைச் சிறிது சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். பின்பு தாசரை மடத்தில் பேச்சில் இருத்திவிட்டு, பொன்னாச்சியாரின் நகைகளைக் கவர்ந்து வரும்படி அவர்களையே அனுப்பினார். உறங்குவதுபோல் கிடந்த அவள், வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்று அறிந்து, ஒரு பக்கத்து நகைகளைக் கழற்ற விட்டாள். மறுபக்கத்தையும் கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். விழித்துவிட்டாள் என்று அஞ்சி அவர்கள் ஓடினர். தாசர் திரும்பி வருவதைக் கண்டு ஒளிந்து நின்று கேட்டனர். தாசர் வருந்தியது நகை போனதற்கன்று, அவள் புரண்டதற்கு. தன்னுடையதைத் தான் கொடுப்பதாக ஓர் எண்ணம் அதில் கலந்ததே, அசையாமல் கிடந்திருக்கலாகாதா என்றார். அவளும் தன் குறையை உணர்ந்து வருந்தினாள். தாசர் சொன்னது நுண்ணிய பொருளே. ஆயினும் அடியேனுக்கு அந்தப் புரளல் குறையாகத் தோன்றவில்லை. மற்றவர்களோ கிழிந்த துணிக்காகச் சண்டையிட்டவர்கள். மறுநாள் எம்பெருமானார் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட, அவர்கள் நாணித் தலைகுனிந்தனர்.

தாசர் திருநாட்டுக்கு எழுந்தருளும் நாளில் ஸ்ரீவைஷ்ணவர்களை அழைத்துத் ததீயாராதனம் செய்து, ஸ்ரீபாததீர்த்தம் ஸ்வீகரித்து, எம்பெருமானார் பாதுகைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தார். பொன்னாச்சியார் கலங்கவில்லை. பேறு பெற்றவருக்காக அழலாகாது என்று கற்றவளாதலால், வந்தவர்களுக்கு வேண்டியவற்றை மலர்ந்த முகத்தோடு செய்துகொண்டிருந்தாள். திருமேனியைச் சுமந்தவர்கள் தெருமுனையைக் கடந்து மறைந்தனர். அப்போது அவள் வாய்விட்டு ஒருமுறை கதறினாள். அக்கணமே உயிர் பிரிந்தது. அவளையும் அவரோடே சேர்த்து எடுத்துச் சென்றார்கள்.