மௌலா அலி மலையடியில் தாயும் மகளும்

ஹைதராபாத் நகரின் வடகிழக்கில், கவிழ்த்து வைத்த கலம் போல ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது மௌலா அலி குன்று. குதுப் ஷாஹி மன்னர்கள் கோல்கொண்டாவை ஆண்ட நாளில், யாகூத் என்னும் அரண்மனை ஊழியரின் கனவில் ஹஜ்ரத் அலி இக்குன்றின் மீது அமர்ந்திருக்கக் காட்சி தந்தார் என்பது மரபு. அவரது கை பதிந்ததாகக் கருதப்படும் கல்லைச் சுற்றி உச்சியில் தர்கா அமைந்தது. அன்று முதல் முஸ்லிம்களும் இந்துக்களும் நேர்ச்சைகளுடன் அந்தப் படிகளில் ஏறி வருகின்றனர்.

மலையடிவாரத்தில், மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றில், தாயும் மகளும் துயில்கின்றனர். மகள் மஹ் லகா பாய் சந்தா. உருதுக் கவிஞர், இசைவாணர், நிஜாமின் அவையில் பிரபுக்களுக்கு நிகரான மதிப்புப் பெற்ற மாது. தாய் ராஜ் கன்வர். மகளின் புகழை அறிந்தோர் பலர். அந்தச் செல்வம் எத்தகைய வறுமையைத் தாண்டி வந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

கதை குஜராத்தில் தொடங்குகிறது. முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் காலத்தில், அகமதாபாத்தில் க்வாஜா முகம்மது ஹுசைன் என்பவர் அரசாங்க வரித்துறையில் பணியாற்றினார். அவர் மனைவியின் பெயர் சந்தா பீபி. அரசுப் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, கணவர் ஊரை விட்டே ஓடிவிட்டார். சந்தா பீபியும் குழந்தைகளும் நிராதரவாயினர். இருந்த பொருளெல்லாம் கரைந்தது. குற்றம் சுமத்தப்பட்டவனின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவும் கதவைத் திறப்பதில்லை, எக்காலத்திலும் அப்படித்தான்.

மானம் காக்க ஊரை விட்டு வெளியேறிய அந்தத் தாய்க்கும் மக்களுக்கும் இறுதியில் புகலிடம் தந்தவர்கள், தேவலியா என்னும் சிற்றரசின் பக்கம் வாழ்ந்த பகத்துகள். ஆடியும் பாடியும் நாடகமாடியும் பிழைக்கும் எளிய கலைஞர்கள் அவர்கள். பெரியவீட்டுப் பெண்கள் அவர்களிடம் பாடக் கற்றனர், ஆடக் கற்றனர். உலகம் அதனை வீழ்ச்சி என்று சொல்லக்கூடும். பசித்த பிள்ளைகளுக்கு முதலில் சோறிட்டவர்கள் அந்தக் கலைஞர்களே என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சந்தா பீபியின் கடைசி மகளே பின்னாளில் ராஜ் கன்வர் என்று பெயர் பெற்றவர். தேவலியாவின் தலைவர் சலீம் சிங் அவர்மீது காதல் கொண்டார். மெஹ்தாப் என்ற பெண் குழந்தை பிறந்தது. அரண்மனையில் மூண்ட பொறாமையால் அங்கே நிலைக்க முடியவில்லை. கைக்குழந்தையுடன் மீண்டும் வழிநடை. தாய் நடந்த பாதையையே மகளும் நடக்க நேர்ந்தது. புர்ஹான்பூர், பின்னர் ஔரங்காபாத் என்று தக்காணத்தை நோக்கி வந்த அந்தப் பெண்கள், நிஜாமின் படைகளோடும் பரிவாரங்களோடும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். 1763இல் இரண்டாம் ஆசஃப் ஜா நிஜாம் அலி கான் தலைநகரை ஔரங்காபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றியபோது, கலைஞர் குடும்பங்கள் பலவும் அந்நகரை நாடின.

அங்கேதான் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. வளர்ந்து நின்ற மெஹ்தாப், நிஜாமின் முதல் அமைச்சர் ருக்னுத் தௌலாவின் உள்ளத்தைக் கவர்ந்து அவர் மாளிகைக்கு உரியவரானார். அடுத்த வேளை உணவை எண்ணிக் கவலையுற்ற தாய், ஒரு ராஜ்யத்தின் அமைச்சரது மாளிகையில் மதிப்புக்குரிய மூதாட்டியானார்.

ராஜ் கன்வருக்கு பசாலத் கான் என்னும் மன்சப்தார் வழியாக மீண்டும் தாய்மை வாய்த்தது. அக்காலத்தில் மௌலா அலி மலைப் பக்கம் சென்றிருந்தபோது அவர் உடல்நலம் குன்றி, கருவே கலைந்துவிடும் நிலை உண்டாயிற்று என்றும், தர்காவில் செய்த வேண்டுதலால் தாயும் சேயும் பிழைத்தனர் என்றும் அக்குடும்பத்தின் வரலாறு கூறுகிறது. 1768இல் பிறந்த அப்பெண்ணுக்குப் பாட்டியின் பெயரையே சூட்டினர்: சந்தா. பிள்ளைப்பேறு இல்லாத மெஹ்தாப், தங்கையைத் தன் மகளாகவே வளர்த்தார்.

அமைச்சர் மாளிகையில் வளர்ந்த சந்தாவுக்கு நூல்களும் ஆசிரியர்களும் குறைவின்றிக் கிடைத்தனர். இசையைக் குஷ்ஹால் கான் அனூப்பிடம் பயின்றார். குதிரையேற்றமும் வில்வித்தையும் கைவந்தன. நிஜாம் போர்முனைக்குச் சென்றபோது ஆண் உடை தரித்து உடன் சென்றதும் உண்டு. நிஜாம் அலி கான் அவருக்கு மஹ் லகா, அதாவது நிலவு முகத்தாள், என்னும் பட்டத்தையும் ஜாகீர்களையும் வழங்கினார். அவற்றுள் ஒன்றான ஆதிக்மெட் நிலப்பகுதியில்தான் பிற்காலத்தில் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் எழுந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் செல்வத்தைத் தாமே ஆண்டார்.

1792இல் ராஜ் கன்வர் காலமானார். மகள் அவரை நகரின் பெருமைமிக்க இடம் எதிலும் அடக்கம் செய்யவில்லை. தம்மைக் கருவிலேயே காத்ததாகத் தாய் நம்பிய மலையின் அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார். நான்கு பாத்திகளாக வகுத்த தோட்டம், நீரோடும் கால்வாய்கள், கிணறு, தொழுகையிடம், நடுவே கல்லறை என்று அந்த வளாகம் அமைந்தது. ஊர் ஊராக ஒண்ட இடம் தேடி அலைந்த ஒருவருக்கு, மகள் அளித்த நிலையான வீடு அது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவு வரக்கூடும். தந்தை கைவிட, தாய் புட்டலட்சுமியால் வளர்க்கப்பட்ட அவரும், கலையால் ஈட்டிய பொருளைத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக் கோயிலுக்குச் செலவிட்டு, 1952இல் மறைந்தபின் அச்சந்நிதியை நோக்கியே நினைவிடம் கொண்டார்.

சந்தாவின் கவிதைத் தொகுப்பு 1798இல் நிறைவுற்றது. உருதுவில் திவான் தொகுத்த முதல் பெண் என்று அவர் நெடுங்காலம் போற்றப்பட்டார். லுத்ஃபுன்னிசா இம்தியாஸ் என்னும் மற்றொரு தக்காணப் பெண்மணியின் திவான் ஓராண்டு முந்தியது என்பது பின்னரே தெரியவந்தது. 1799இல் தம் கைப்படி ஒன்றை ஆங்கில அதிகாரி ஜான் மால்கமுக்கு அளித்தார். அது இன்றும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. காதலையும் மதுவையும் பாடும் அந்தக் கஜல்கள், ஐந்தே ஈரடிகளில் முடிபவை. முடிவடியில் அவர் மனம் மௌலா அலியிடம் திரும்பிவிடும்.

அவரது ஆதரவில் குலாம் ஹுசைன் கான் ஜௌஹர் தக்காண வரலாறு ஒன்றை எழுதினார். அரசர்களின் வரலாற்றோடு சந்தாவின் குடும்ப வரலாறும் அதில் இடம்பெற்றது. பொருள் கொடுத்து எழுதுவிப்போர் தம் குலப்பெருமையையே எழுதச் சொல்வது உலக வழக்கம். அந்நூலோ, கணவர் ஓடிப்போனதையும், சோற்றுக்கு வழியின்றித் தாயும் பிள்ளைகளும் அலைந்ததையும், பகத்துகள் ஆதரித்ததையும் மறைக்காமல் சொல்கிறது. சந்தா தம் கவிதைகளில் கையாண்ட புனைபெயரும் பட்டப்பெயரன்று. அகமதாபாத்தில் கைவிடப்பட்ட அந்தப் பாட்டியின் பெயரே.

அவர் மாளிகையில் இளம்பெண்கள் பலர் தங்கி இசையும் கல்வியும் பெற்றனர். சிலரைத் தம் மகள்களாகவே ஏற்றார். தம் நிலத்தையும் பொன்னையும் நகைகளையும் வீடற்ற பெண்களுக்கென விட்டுச் சென்றார் என்று ஹைதராபாத்தில் சொல்லப்படுகிறது. 1824இல் காலமான அவரை, அவரே எழுப்பிய தோட்டத்தில் தாயின் அருகிலேயே அடக்கம் செய்தனர். அவ்வாண்டே அவரது கவிதைகள் குல்ஜாரே மஹ் லகா என்ற பெயரில் வெளியாயின.

நெடுங்காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்த அத்தோட்டம் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 2011இல் சீரமைக்கப்பட்டது. மண் மூடிக் கிடந்த நீர்க்கால்கள் மீண்டும் வெளிப்பட்டன. தர்காவுக்குப் படியேறுவோரில் சிலர் முதலில் அத்தோட்டத்துக்குள் சென்று, அருகருகே இருக்கும் அந்த இரு கல்லறைகளையும் பார்த்துவிட்டுச் செல்கின்றனர்.