எல்லப்பிரகட சுப்பாராவ்

புதுவை நகரின் வடபால், வங்கக் கடலை அடுத்துக் குருசுக்குப்பம் என்னும் பகுதி உள்ளது. குப்பம் என்னும் சொல்லே அது பரதவர் வாழ்ந்த இடம் என்பதைக் காட்டும். இப்பகுதியை உள்ளிட்ட புதுவை நகரம் 1954 ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்கீழ் இருந்தது. அந்நாளிலும் அதற்குப் பின்னரும் நகரத்தாரை நெடுங்காலம் வருத்திய நோய்களுள் ஒன்று யானைக்கால் நோய். முதலில் குளிர்காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், சில நாளில் தணியும், மீண்டும் வரும். ஆண்டுகள் சில சென்றபின் கால் வீங்கிப் பருத்துத் தோல் தடித்துப் போகும். வலை இழுப்போரும் சுமை தூக்குவோரும் கால் போனபின் தம் பிழைப்புக்கு என் செய்வர்? இந்நோய்க்குரிய மருந்து, கடல் கடந்த நாட்டில், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவரது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவர்தாம் எல்லப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தந்தையார் செகந்நாதம் அரசு வருவாய்த்துறையில் சிறு பணியாளராய் இருந்தவர். உடல்நலம் குன்றிப் பணியினின்றும் விலகினார். தாயார் வெங்கம்மா. மக்கள் பலர் பிறந்த அக்குடும்பத்தில் வறுமை நிலைத்திருந்தது.

இளமையில் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் செல்லும் அடியார்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் ஆள்விட்டு அவரைத் திரும்பக் கொணர்ந்து பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்றார். தாயார் தம் அணிகலன்களை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னாளில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் இங்ஙனம் தொடங்கினார் என்பதை மாணவர் அறிதல் நன்று.

மாநிலக் கல்லூரியில் பயிலும்போது அவர் உள்ளம் துறவில் சென்றது. இராமகிருட்டிண மடத்தை அணுகினார். தாயின் இசைவின்றித் துறவு தர மடத்தார் ஒருப்படவில்லை. தாயார் இசையவும் இல்லை. மருத்துவம் கற்று நோயாளர்க்குத் தொண்டு செய்யுமாறு அங்குள்ளோர் அறிவுறுத்தினர். ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக்கு நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். 1919 ஆம் ஆண்டு அவர்தம் மகள் சேசகிரியை மணந்தார்.

காந்தியடிகள் அயல்நாட்டுத் துணியை விலக்கும்படி நாட்டாரை வேண்டிய காலம் அது. சுப்பாராவ் அறுவை மருத்துவ அறையிலும் கதராடையே அணிந்து நின்றார். ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிற் சேரவும் இயலவில்லை.

இதனினும் பெரிய இடி வீட்டில் விழுந்தது. நம் நாட்டு மருத்துவர் கிராணி என்று கூறும் கழிச்சல் நோய் சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. இந்நோயில் குடலின் உட்பரப்புச் சிதைகிறது. உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்சுவதில்லை. குருதி வெளுக்கிறது, நாக்குப் புண்ணாகிறது, உடல் நாளும் மெலிகிறது. மருத்துவம் கற்றவர் அருகிருந்தும் செய்வதறியாது நின்றார். அன்றைய மேனாட்டு மருத்துவத்தில் அதற்கு மருந்தும் இல்லை, நோய் எதனால் வருகிறது என்னும் தெளிவும் இல்லை. பின்பு அதே நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியின் மருந்தால் பிழைத்தார். அந்நன்றியாலும் ஆர்வத்தாலும் சென்னையில் அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார். பழைய மருந்துகள் எவ்வாறு பயன் தருகின்றன என்பதை ஆராய வேண்டும் என்னும் வேட்கை அங்கு வளர்ந்தது. அதற்குரிய பயிற்சி அயல்நாட்டிலன்றிக் கிடைக்காது என்று கண்டார்.

மாமனாரும் காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தாரும் உதவ, 1922 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். மூன்றாண்டில் திரும்புவதாக மனைவியாரிடம் கூறிச் சென்றார். ஆர்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்ததேயன்றி உதவிப் பணம் கிடைக்கவில்லை. பகலில் படித்தார், இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளர்தம் மலக்கலம் கழுவும் வேலை செய்து வயிறு வளர்த்தார். அப்பணியை அவர் இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை.

பின்னர் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். சைரசு ஃபிசுகே என்பவர் அவருடைய வழிகாட்டி. குருதியிலும் சிறுநீரிலும் எரியம் எனப்படும் பாசுபரசு எவ்வளவு உள்ளது என்று அளக்க எளிய வழி அக்காலத்தில் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தனர். எரிய உப்பு மாலிப்டினத்தோடு கூடி, வேறொரு பொருளால் மாற்றமுற்று நீல நிறம் கொள்ளும். நிறம் எவ்வளவு செறிவோ அவ்வளவு எரியம் உண்டு. 1925 இல் வெளிவந்த இம்முறை ஃபிசுகே–சுப்பாராவ் முறை என்றே உலகெங்கும் வழங்கலாயிற்று.

அளவுகோல் கிடைத்ததும் புதிய வழி திறந்தது. உழைக்கும் தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தசையிலுள்ள சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறுவதே காரணம் என்று அறிஞர் கருதினர்; தசை பற்றிய ஆய்வுக்காக 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. சுப்பாராவும் ஃபிசுகேயும் 1927 இல் தசையினுள் பாசுபோகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். தசை உழைக்கும்போது அது சிதைகிறது. ஓய்வில் மீண்டும் உண்டாகிறது. 1929 இல் ஏ.டி.பி. என்று சுருங்க வழங்கும் அடினோசின் டிரைபாசுபேட்டைப் பிரித்தெடுத்தனர். செருமானியரான கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். உயிரணுவின் கைச்செலவுப் பணம் என்று இதனைக் கூறலாம். நடப்பதற்கும் நினைப்பதற்கும் இதயம் துடிப்பதற்கும் இதுவே செலவாகிறது. இதயத்திற்கோ சிறுநீரகத்திற்கோ செல்லும் குருதி தடைப்பட்டால், முதலில் வற்றுவது இப்பொருளே. இது வற்றியபின் உயிரணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள மாட்டாமல் மடிகின்றன. உறுப்புகள் கெடும் வகையை இன்று ஆராய்வோர் அனைவரும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நின்றே ஆராய்கின்றனர்.

1930 இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றும், ஆர்வர்டில் நிலையான பதவி அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் வெளிவராமல் தடுக்கப்பட்டன என்றும், பிறர் அவற்றைப் பல ஆண்டுகட்குப் பின் மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும், உடன் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சார்ச்சு ஹிச்சிங்சு கருத்துரைத்துள்ளார். சுப்பாராவ் இதுபற்றி வழக்காடவில்லை. புகழுக்கு முன்னே நின்று கைநீட்டும் இயல்பு அவர்பால் இல்லை. 1940 இல் நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்குச் சென்று அங்கு ஆராய்ச்சித் தலைவரானார்.

குருதிச் சோகையை ஈரல் தீர்க்கும் என்பது 1926 முதல் தெரிந்திருந்தது. பம்பாயில் கருவுற்ற மகளிர்க்கு வரும் சோகையை ஆராய்ந்த லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஈஸ்ட்டுச் சாற்றிலும் அதனைத் தீர்க்கும் பொருள் ஒன்றுண்டு என 1931 இல் காட்டினார். அப்பொருள் கீரையிலும் இருப்பதால், இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்ததேயன்றிப் பொருள் கைக்கு அகப்படவில்லை. மூட்டை மூட்டையாகக் கீரையை வடித்தால் அணுவளவே கிட்டும். சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்தும் நுண்ணுயிர் ஊறலிலிருந்தும் அதனைப் பிரித்து, அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945 இல் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். உயிரணு இரண்டாகப் பிரியவேண்டுமாயின் இவ்வமிலம் வேண்டும். குருதியணுக்களும் குடலின் உட்பரப்பும் நாள்தோறும் புதிதாய்ப் பிறப்பன. ஆதலின் இது குறையும்போது அவ்விரண்டுமே முதலிற் கெடும். டாம் ஸ்பைசு என்னும் மருத்துவர் இம்மருந்தைக் கிராணி நோயாளர்க்குக் கொடுத்தார். வெளுத்த குருதி சிவந்தது. புண்பட்ட நாக்கு ஆறியது. உடன்பிறந்தார் இருவரும் மாண்டு கால்நூற்றாண்டு சென்றிருந்தது.

பள்ளிகளில் கிழமைதோறும் மாணவர்க்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பதும் இந்த ஃபோலிக் அமிலமே.

வளர்க்கும் பொருளைக் கண்டவர்கள் அதனைப் போன்று தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருளையும் ஆக்கினர். பூட்டினுள் நுழைந்தும் திறவாத திறவுகோல் போன்றது அது. குருதிப் புற்றுநோயில் கெட்ட அணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், சுப்பாராவின் குழுவினர் ஆக்கித் தந்த அமினாப்டிரின் என்னும் மருந்தை நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். பதினாறு குழந்தைகளுள் பதின்மர் தேறினர் என 1948 சூனில் அறிவித்தார். அத்தேற்றம் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அதற்குமுன் அந்நோயில் எம்மருந்தும் இவ்வளவு பயன் தந்ததில்லை. அதன் வழிவந்த மெத்தோடிரெக்சேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்படுகிறது.

இம்மருந்து நோயணுவை மட்டும் தேடிச் செல்வதன்று. எலும்பு மச்சை, வாய், குடல் ஆகியவற்றையும் தாக்கும்; மிகுதியாய்க் கொடுத்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதற்குரிய காப்பும் ஃபோலிக் அமிலத்தின் இனத்திலிருந்தே கிடைத்தது. மருந்து செலுத்திச் சில மணி நேரம் கழிந்தபின் ஃபோலினிக் அமிலம் கொடுத்தால் நல்ல அணுக்கள் பிழைக்கின்றன. முடக்குவாத நோயாளர்க்கோ சிறிதளவு ஃபோலிக் அமிலத்தையே துணையாகத் தருகின்றனர்.

லெடர்லேயில் அவர் தலைமையில் நடந்த பணிகள் இன்னும் உள. ஓய்வுபெற்ற தாவரவியற் பேராசிரியரான பெஞ்சமின் டுக்கர் எழுபது வயதுக்கு மேல் அங்கு வந்து, மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து பொன்னிற மருந்தைக் கண்டார். ஆரியோமைசின் என்னும் அது 1948 இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் அதுவே முதலாவது.

யானைக்கால் நோய்க்கு வருவோம். நூலிழை போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைச் சிதைப்பதே இந்நோயின் மூலம். வடிய வேண்டிய நீர் வடியாமல் கால் வீங்குகிறது. இப்புழுக்கள் ஈனும் நுண்புழுக்கள் இரவில் குருதியில் உலவும். கொசு அவற்றை உறிஞ்சிப் பிறர்க்குப் பரப்பும். ஆதலாற்றான் இந்நோயைச் சோதிப்போர் இரவில் குருதி எடுப்பர். போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்க வீரரையும் இது பற்றியது. லெடர்லேயில் பல பொருள்களைப் பருத்தி எலிகளில் சோதித்து, ஹெட்ரசான் எனப் பெயரிட்ட டையெத்தில்கார்பமசீனை 1947 இல் வெளியிட்டனர். வாய்வழி உட்கொள்ளும் இம்மருந்து நுண்புழுக்களை விரைந்து அகற்றும். வீங்கிப் பருத்த காலைப் பழையபடி ஆக்க இதனால் இயலாது. நோய் பரவுவதைத் தடுக்கவே இது பெரிதும் உதவும்.

புதுவையில் 1975 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொசு முதலியவற்றின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980களில் நகரின் சாக்கடைகளிலும் கழிவுநீர்க் குட்டைகளிலும் கொசுப் பெருக்கத்தைத் தடுத்து நோயைக் குறைக்க முயன்றது. காரைக்காலில் சமையல் உப்பிலேயே இம்மருந்தைக் கலந்து வழங்கும் முறையும் கையாளப்பட்டது. 2004 முதல் நம் நாட்டில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மக்கள் அனைவர்க்கும் இது வழங்கப்பட்டது.

சுப்பாராவ் தாய்நாட்டிற்குத் திரும்பவில்லை. ஒரு வேலை முடிந்தால் மற்றொன்று காத்திருந்தது. மூன்றாண்டு என்றது இருபத்தாறு ஆண்டாயிற்று. இடையே அவர்தம் ஆண்மகவு குழவிப் பருவத்திலேயே இறந்தது. அமெரிக்கக் குடியுரிமையும் அவர் பெறவில்லை. அறிவுலகம் அவர் உழைப்பால் அடைந்த பயன் பெரிது. அதற்குச் சேசகிரி அம்மையார் செலுத்திய விலையும் சிறிதன்று. 1948 ஆகஸ்டுத் திங்களில், ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு திங்கள் கழிந்தபின், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று.

1953 இல் புதிதாய்க் கண்ட பூஞ்சை இனம் ஒன்றுக்கு அமெரிக்க அறிஞர் ஒருவர் சுப்பாரோமைசிசு என்று பெயரிட்டார். 1995 இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.