எழும்பூர் வீட்டில் ஒரு நட்சத்திரக்கூடம்: யார் இந்த வில்லியம் பெட்ரி?

பெரம்பூர் மொட்டைமாடியில் டெலஸ்கோப் வெச்சு, செல்போனில் நிலாவைப் படம் பிடிப்பவரா நீங்க? உங்களுக்கு பக்கத்து எழும்பூரிலேயே ஒரு முன்னோடி உண்டு.

வில்லியம் பெட்ரி, கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. மனசு மட்டும் வானத்தில். 1786-ல் தன் வீட்டிலேயே இரும்பும் மரமும் கொண்டு ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். உள்ளே டெலஸ்கோப்புகள், துல்லியமான பெண்டுலக் கடிகாரங்கள். பொழுதுபோக்குதான், ஆனா வெறும் பொழுதுபோக்கு இல்லை. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் உடைந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையின் தீர்க்கரேகை சரியாகத் தெரியாமல் கடல் வரைபடம் சரிவராது. அதற்கு நட்சத்திரங்களைத்தான் பார்க்கணும். கரையை அளந்த மைக்கேல் டாப்பிங்குக்கு இந்தக் கூடம்தான் கைகொடுத்தது.

1789-ல் இங்கிலாந்து கிளம்பும்போது கருவிகளைக் கம்பெனிக்கே கொடுத்தார் பெட்ரி. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. அவர் பிறகு திரும்பிவந்து, 1807-ல் சென்னையின் தற்காலிக கவர்னரானார். 1816-ல் பினாங்கில் இறந்தார். மதராஸ் வானாய்வகத்தின் ஷெல்டன் கடிகாரம் இப்போது கொடைக்கானலில் இருக்கிறது.