சாக்கடை நீரைத் தெளிய வைத்த பெங்களூர் பேராசிரியர்

பெங்களூரில் வாழும் தமிழர்களில் பெல்லந்தூர் ஏரியை அறியாதவர்கள் குறைவு. 2015-ம் ஆண்டிலும் 2017-ம் ஆண்டிலும் அந்த ஏரியில் தீப்பிடித்தது. வெள்ளை நுரை மலைபோல் எழுந்து ரோட்டில் போனவர்கள் மேல் விழுந்தது. நகரத்துச் சாக்கடை சுத்தமாகாமல் ஏரியில் கலந்ததுதான் இதற்கு முக்கிய காரணம்.

அந்தச் சாக்கடை நீரை நுண்கிருமிகளைக் கொண்டே சில மணி நேரத்தில் தெளிய வைக்க வழி காட்டிய விஞ்ஞானி ஒருவர், இதே பெங்களூரில் பேராசிரியராக இருந்தார். அவர் பெயர் கில்பர்ட் பவுலர்.

பாட்டிலில் கண்ட அதிசயம்

பவுலர் 1868-ம் ஆண்டு பிறந்தார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரசபையின் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்தார். மில்கள் நிறைந்த ஊர் அது. ஆறுகள் சாக்கடையாகி இருந்தன.

1912-ம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். அங்கே லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு சோதனைச் சாலையைப் பார்த்தார். பாசி படிந்த பாட்டிலில் சாக்கடை நீரை ஊற்றி, அதற்குள் காற்றைச் செலுத்தினார்கள். நீர் தெளிந்தது!

ஊர் திரும்பியதும், ஆர்டன், லாக்கெட் என்ற இருவரிடம் அந்தச் சோதனையைச் செய்யும்படி சொன்னார். முதல் தடவை நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் மாறுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அவர்கள் தெளிந்த நீரை மட்டும் கொட்டினார்கள். அடியில் தங்கிய வண்டலைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். நேற்றைய மோரை உறை ஊற்றி இன்றைய பாலைத் தயிராக்குவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளில் வேலை முடிந்தது.

1914-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இந்தச் செய்தி மான்செஸ்டரில் வெளியிடப்பட்டது. கட்டுரையில் ஆசிரியர்களாக இருந்தவை ஆர்டன், லாக்கெட் ஆகிய இரண்டு பெயர்கள் மட்டுமே. யோசனை சொன்ன பவுலர் பெயர் அந்த வரிசையில் இல்லை.

பெங்களூர் வந்தார்

1916-ம் ஆண்டு பவுலர் பெங்களூர் வந்தார். மக்கள் "டாட்டா இன்ஸ்டிடியூட்" என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1921-ம் ஆண்டு அங்கே தொடங்கிய உயிர் வேதியியல் துறைக்குத் தலைமை ஏற்றார். பிறகு கான்பூர் சென்று ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தார்.

இங்கிலாந்தில் அவருக்கு ஆற்றைப் பற்றிய கவலை. இந்தியாவில் வயலைப் பற்றிய கவலை! பயிருக்கு உயிர் தருவது நைட்ரஜன். அதுதான் சாக்கடையிலும் குப்பையிலும் வீணாகிறது. அதை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பது அவர் கருத்து. 1934-ம் ஆண்டு இதற்காகவே ஒரு நூல் வெளியிட்டார். 1939-ம் ஆண்டு அதே கழகத்தில் ஆச்சார்யா என்பவர், நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் இட்டு உரமாக்கும் "பெங்களூர் முறை"யை உருவாக்கினார்.

பவுலர் 1953-ம் ஆண்டு, 85-வது வயதில் காலமானார்.

இருவகைக் கிருமிகள்

வண்டலில் வேலை செய்வது ஒரு கிருமி அல்ல, ஒரு கூட்டம். காற்று உள்ள தொட்டியில் ஒருவகைக் கிருமிகள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். வேறு கிருமிகள் அதை நைட்ரேட் ஆக்கும். காற்று இல்லாத தொட்டியில் இன்னொரு வகைக் கிருமிகள், நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற நைட்ரஜன் குமிழிகளாகக் காற்றில் கலந்துவிடும். காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதனால் தீங்கு இல்லை.

இதைச் செய்யாமல் விட்டால் அம்மோனியா மீன்களைக் கொல்லும். பாசி பெருகி ஏரி மூடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

இயற்கையும் இந்த வேலையைச் செய்கிறது. அந்தமானில் சிப்பிகாட் என்ற ஊர் இருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியின்போது நிலம் தாழ்ந்தது. கடல்நீர் நெல் வயல்களில் புகுந்து தங்கிவிட்டது. அத்தகைய சதுப்பு நிலச் சேற்றிலும் காற்று புகாது. அங்கே இதே வகைக் கிருமிகள், மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் நைட்ரஜனைப் பிரிக்கின்றன.

ஆனால் ஒரு நகரத்தின் சாக்கடை முழுவதையும் சேறு தாங்காது. தொட்டி வேண்டும். காற்று தரும் மோட்டார் இரவும் பகலும் ஓடவேண்டும். மோட்டார் நின்றால் கிருமிகள் சாகும். கிருமிகள் செத்தால் ஏரி சாகும்.

வழியைப் பவுலரும் அவர் தோழர்களும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். தொட்டியைக் கட்டினால் மட்டும் போதாது. அதை நிற்காமல் நடத்துவதில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது.